தையல் பிரித்து மீண்டும் தைத்த பிளாஸ்டிக்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஊதிப் பாட்டிலாக்குவதற்கு முன் வார்க்கும், சோதனைக்குழாய் போன்ற இரண்டு பிரீஃபார்ம்களை மேசையில் அருகருகே நிறுத்தி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்த அன்றுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. இரண்டுமே குப்பைக்குப் போன, பெட் (PET) என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டில்களிலிருந்து வந்தவை. முதலாவது, பாட்டில்களைக் கழுவி, நறுக்கி, உருக்கி, மீண்டும் சிப்ஸாக்கும் வழக்கமான மறுசுழற்சியில் கிடைத்த பொருளில் வார்த்தது. சுவர் தடித்த இடங்களில் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல் தெரிந்தது, ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளிகளும் இருந்தன. இரண்டாவது, பாட்டிலை ரசாயன வினையால் மோனோமர் என்ற அடிப்படைத் துண்டுகள் வரை பிரித்து, சுத்திகரித்து, மறுபடியும் பாலிமர் என்ற நீண்ட சங்கிலியாகக் கட்டிய சிப்ஸில் வார்த்தது; புதிய பெட்டில் வார்த்த பிரீஃபார்ம்களோடு அதைக் கலந்து வைத்தபோது எது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு வார்ப்புப் பட்டறையில் மூலப்பொருள் தேர்வும் தரச் சோதனையும் என் பொறுப்பில் இருக்கின்றன. கடந்த ஓராண்டில் ‘ரசாயன மறுசுழற்சி’ என்ற முத்திரையோடு எங்களிடம் ஐந்து பொருள்கள் வந்தன: பெட் சிப்ஸ், நைலான் 6 மணிகள், அக்ரிலிக் தகடு, வெப்பக் காப்புப் பலகை, பாலிபுரோப்பிலீன் மணிகள். ஐந்தையும் வாங்கி, உலர்த்தி, உருக்கி, அறுத்து, பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விற்றவர்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே ஆலையிலிருந்தே லாட்டுக்கு லாட், அதாவது தொகுதிக்குத் தொகுதி, மாறும் பொருளைப் பற்றிப் பேசும்போது, பெயரைக் காட்டிலும் அது எந்த வழியில் செய்யப்பட்டது என்பதுதான் வாங்குகிறவருக்குப் பயன்படும்.

அந்த வழியைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் எல்லாம் நீண்ட சங்கிலிகள்தான் என்றாலும், எல்லாச் சங்கிலிகளும் ஒரே மாதிரி கோக்கப்பட்டவை அல்ல. பெட்டிலும் நைலானிலும் துண்டுக்குத் துண்டு ஒரு தையல் இருக்கிறது. பெட்டில் அது எஸ்டர் பிணைப்பு, நைலானில் அமைடு பிணைப்பு. தைத்த சட்டையைத் தையலோடு பிரித்தால் கை, கழுத்து, முதுகு என்று துண்டுகள் முழுதாகக் கைக்கு வருவதுபோல, இந்தப் பிணைப்புகளைக் குறிபார்த்து அறுத்தால் மோனோமர் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது. பாலிஎத்திலீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் அப்படித் தையல் எதுவும் கிடையாது. தலை முதல் கால் வரை கார்பனோடு கார்பன் இணைந்த ஒரே நெசவு. அதைப் பிரிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழித்தால் துண்டுகள் எந்த அளவில் வரும் என்பது கிழிப்பவர் கையில் முழுமையாக இல்லை. எங்களுக்கு வந்த ஐந்து பொருள்களில் எது பணத்துக்குத் தகுந்தது, எது தகாதது என்ற கேள்விக்கு, இந்த ஓராண்டில் எனக்குக் கிடைத்த பதில் ஏறக்குறைய முழுவதும் இந்த வேறுபாட்டிலேயே அடங்கியிருந்தது.

பெட் சிப்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பட்டறையில் அதிகம் ஓடியது அதுதான். நாங்கள் வாங்கியது கிளைக்காலிசிஸ் முறையில் செய்யப்பட்டது. நறுக்கிய பாட்டில் ஃபிளேக்ஸை எத்திலீன் கிளைக்காலோடு சேர்த்து, துத்தநாக அசிட்டேட் போன்ற ஒரு வினையூக்கியுடன், ஏறத்தாழ 180 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வைத்தால், கிளைக்கால் மூலக்கூறுகள் எஸ்டர் பிணைப்புகளுக்குள் புகுந்து சங்கிலியைத் துண்டு துண்டாக்குகின்றன. கடைசியில் மிஞ்சும் சிறு மூலக்கூறை அந்தத் துறையில் பி.ஹெச்.இ.டி. என்பார்கள். புதிய பெட்டை டெரப்தாலிக் அமிலத்திலிருந்து செய்யும் ஆலையிலும் நடுவழியில் உருவாவது இதே மூலக்கூறுதான்; அதாவது பழைய பாட்டில் எந்தக் கதவு வழியாக வெளியே வந்ததோ அதே கதவு வழியாக மறுபடி உள்ளே போகிறது. அதற்குப் பிறகு 270 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், வெற்றிடத்தில், உபரிக் கிளைக்காலை உறிஞ்சி எடுத்துச் சங்கிலியை நீட்டும் வேலை புதிய பெட்டுக்கும் இதற்கும் பொது.

இடையில் நடக்கும் சுத்திகரிப்பில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. உருக்கி வடிகட்டும் சாதாரண மறுசுழற்சியில் வலைக்குச் சிக்குவது மண்ணும் உலோகத் துணுக்கும் உருகாத பிற பிளாஸ்டிக்கும் மட்டுமே. சாயமும், சூட்டில் ஏறிய மஞ்சளும், பாட்டிலில் ஊறிய வாசனையும் பாலிமருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. மோனோமராக்கிவிட்டால் அது ஒரு சாதாரணக் கரிமச் சேர்மம். அதைக் கரைசலாக்கி, கிளர்வூட்டிய கரியில் நிறம் நீக்கி, அயனிப் பரிமாற்றத்தில் பழைய வினையூக்கி உலோகங்களைக் களைந்து, படிகமாக்கி எடுக்கலாம். கிளைக்காலுக்குப் பதில் மெத்தனாலைப் பயன்படுத்தும் முறையில் கிடைக்கும் டைமெத்தில் டெரப்தாலேட்டைக் காய்ச்சி வடிக்கவே முடியும் என்பதால், அழுத்தமான நிறமுள்ள பாட்டில்கள், பாலியெஸ்டர் துணி, தரைவிரிப்பு போன்ற அழுக்கான சரக்கையும் அது ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்போர்ட்டில், ஈஸ்ட்மேன் நிறுவனம் 2024இல் ஓட்டத் தொடங்கிய ஆலை இந்த வகை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டன் கழிவைக் கையாளும் திறன் கொண்டதாக அதை வடிவமைத்திருக்கிறார்கள். முறை புதிதன்று, புகைப்படப் படலத்தில் பாலியெஸ்டரைப் பயன்படுத்திய காலத்திலேயே அதன் கழிவை மெத்தனாலில் பிரித்தெடுக்கும் வேலையை அந்தக் குழுமம் பார்த்திருக்கிறது. அளவுதான் புதிது.

இனி இயந்திரத்தில் அது எப்படி நடந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். பெட் எந்த வழியில் வந்தாலும் அதை உலர்த்தாமல் உருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். 160 முதல் 180 டிகிரி வரை சூடாக்கிய உலர்காற்றில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்து, ஈரப்பதத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஹாப்பரில் இறக்குவோம். காரணம், உருகிய பெட்டில் நீர் இருந்தால் அது எஸ்டர் பிணைப்புகளை அறுத்து, சங்கிலியின் நீளத்தைக் காட்டும், ஐ.வி. என்று நாங்கள் சொல்லும் பாகுநிலை அளவைக் கீழே தள்ளிவிடும். மறுசுழற்சி ஆலையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் அதே வினை எங்கள் இயந்திரத்தில் அழையா விருந்தாளி என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. பாட்டில் தரத்துக்கு ஐ.வி. ஏறத்தாழ 0.80 வேண்டும், நூல் தரத்துக்கு 0.62 அளவிலேயே போதும். கழுவி உருக்கிய சிப்ஸை நேரடியாக ஓட்டினால் இந்த எண் சுற்றுக்குச் சுற்று இறங்கிக்கொண்டே போகும், அதைத் தூக்கி நிறுத்த, உருக்காமல் திண்மநிலையிலேயே சூடேற்றும் ஒரு தனி வேலை தேவைப்படும். ரசாயன முறைச் சிப்ஸில் சங்கிலி புதிதாகக் கட்டப்படுவதால் இந்தத் தேய்மானக் கணக்கே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. முதல் இரண்டு லாட்டுகளில் நாங்கள் அளந்த ஐ.வி. சான்றிதழில் இருந்த எண்ணோடு ஒத்துப்போனது. அழுத்தம், சூடு, சுழற்சி நேரம் எதையும் மாற்றாமலே புதிய பெட்டின் அமைப்பிலேயே ஓட்டினோம். உடைத்த பிரீஃபார்மை மூக்கருகே கொண்டுபோனால், கழுவி உருக்கிய வகையில் எப்போதும் கொஞ்சம் வரும் அந்த இனிப்பு கலந்த பழைய வாசனை இதில் இல்லை.

மூன்றாவது லாட்டில் சிக்கல் வந்தது. உலர்த்தியிலிருந்து சரக்கு ஒழுங்காக இறங்கவில்லை; திறந்து பார்த்தபோது சிப்ஸ் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது, உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மட்டுமே உதிர்ந்தது. “சார், இந்த லாட் சீக்கிரமே இளகுது, சூட்டைக் குறைச்சாத்தான் ஓடும்” என்று இயந்திரத்தில் இருந்தவர் ஆய்வகத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். மாதிரியை வெளியே அனுப்பிச் சோதித்ததில் அவர் சொன்னதே உறுதியானது: உருகுநிலை சில டிகிரி குறைந்திருந்தது, டை எத்திலீன் கிளைக்காலின் அளவு சான்றிதழில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. கிளைக்காலிசிஸ் முறைக்கே உரிய பலவீனம் இது. சூட்டில் அதிகப்படியான எத்திலீன் கிளைக்காலை நீண்ட நேரம் வைத்திருந்தால் இரண்டு கிளைக்கால் மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன; அந்த இரட்டை மூலக்கூறும் பாலிமர் கட்டும்போது சங்கிலிக்குள் ஒரு கண்ணியாக நுழைந்து, அடுக்கு ஒழுங்கைக் குலைத்து, படிகமாவதைத் தாமதப்படுத்தி, உருகுநிலையைக் கீழே இழுக்கிறது. புதிய பெட்டிலும் இது ஓரளவு இருக்கத்தான் செய்யும், ஆனால் அளவோடு இருக்கும். சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த லாட் ஓடிவிட்டது; சூடாக நிரப்பும் பாட்டிலுக்கு நான் கொடுக்கத் துணியவில்லை.

விற்றவரிடம் கேட்டபோது, ‘விவரக்குறிப்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது’ என்று பதில் வந்தது. எல்லை என்று அவர் காட்டிய எண், சான்றிதழில் அச்சிட்டிருந்த எண் அன்று. பொதுவான விவரத் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த மேல் வரம்பு. மாற்றித் தரவில்லை, அடுத்த லாட்டில் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்கள், கவனித்தும் கொண்டார்கள். ஆனாலும் ஒரு முழு நாள் உலர்த்தியைக் குடைந்து சுத்தம் செய்த இருவருக்கு அந்தப் பதில் ஆறுதலாக இருந்திருக்காது.

நொதியைக் கொண்டு பெட்டைப் பிரிக்கும் முறையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. பெட்டைத் தின்று வாழும் ஐடியோனெல்லா சாகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்தார்கள். அதைவிடத் தொழிலுக்கு நெருக்கமானது 2020இல் வந்த பிரெஞ்சு ஆய்வு: மட்கிய இலைகளிலிருந்து எடுத்த ஒரு நொதியைத் திருத்தியமைத்து, ஏறத்தாழ 72 டிகிரியில், பத்து மணி நேரத்தில் 90 சதவீத பெட்டை மோனோமராக்கிக் காட்டினார்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு: நொதிக்குப் படிக அமைப்பு கடினம் என்பதால், பாட்டிலை முதலில் உருக்கி, சட்டென்று குளிர்வித்து, பொடித்த பிறகே அதனிடம் தர வேண்டும். உருக்கும் செலவிலிருந்து இந்த வழியும் தப்பவில்லை. அந்த வகைச் சிப்ஸ் என் கைக்கு வரவில்லை என்பதால் அதற்கு மதிப்பெண் போட எனக்கு உரிமை இல்லை.

ஆற்றல் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. சுத்தமான, நிறமற்ற, தனியாகப் பிரித்த பாட்டில் கையில் இருந்தால், அதைக் கழுவி உருக்குவதே குறைந்த ஆற்றலில் முடியும் வழி. அதை மோனோமர் வரை பிரிப்பது, தூசி தட்டினால் போதுமான சட்டையைத் தையல் பிரித்துத் தைப்பது போன்றது. நான் வாங்கிய சிப்ஸின் ஆலை அப்படிப்பட்ட நல்ல பாட்டில்களையே மூலப்பொருளாக எடுப்பதாக அவர்களின் தாளிலிருந்து தெரிந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. இந்த முறை தன் விலையை நியாயப்படுத்துவது, வேறு யாரும் தொடாத பச்சை, பழுப்பு, கறுப்புச் சரக்கையும் கிழிந்த பாலியெஸ்டர் துணியையும் எடுத்துக்கொள்ளும்போதுதான்.

நைலான் 6 மணிகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் கிடைக்கவில்லை. நைலான் 6 ஒரே மோனோமரால் ஆனது. அந்தக் காப்ரோலாக்டம் 69 டிகிரியில் உருகும் ஒரு வளைய மூலக்கூறு. வளையத்தைத் திறந்து நீட்டினால் நைலான், நைலானை நீராவியும் வினையூக்கியும் கொண்டு சூடாக்கினால் மறுபடி வளையம். சொல்லப்போனால் நைலான் 6 ஒருபோதும் முழுமையாகச் சங்கிலியாக இருப்பதே இல்லை. உருகிய நிலையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டிய அளவு மோனோமரும் குட்டிச் சங்கிலிகளும் அதில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும், அதனால்தான் புதிய நைலானையும் வெந்நீரில் அலசி எடுத்து விற்கிறார்கள். திரும்பிப் போகும் பாதையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பாலிமர் என்று அதைச் சொல்லலாம். நைலான் 6,6க்கு இந்த வசதி இல்லை. அது இரண்டு வேறு மோனோமர்களால் தைக்கப்பட்டது, பிரித்த பிறகு இரண்டையும் தனித்தனியே சுத்தப்படுத்த வேண்டும். பெயரில் ஓர் எண் கூடினால் ஆலையில் ஒரு கோபுரமே கூடுகிறது.

எங்களுக்கு வந்த மணிகள் பழைய மீன்வலைகளிலிருந்தும் தரைவிரிப்புகளிலிருந்தும் செய்யப்பட்டவை என்று உடன் வந்த தாள் சொன்னது. இந்த வகையில் உலகம் அறிந்தது அக்வாஃபில் நிறுவனத்தின் ஈகோனில். ஸ்லோவேனியாவின் லுபிலியானாவில் 2011 முதல் செய்கிறார்கள். நாங்கள் சோதித்தது வேறொருவர் சரக்கு. பற்சக்கரங்களும் கேபிள் பிடிப்பான்களும் வார்த்தோம். அச்சின் காற்றுப் போக்கிகளில் வெண்படலம் படிகிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் துடைத்துப் பார்த்தேன். சரியாக அலசாத நைலானில் மீந்திருக்கும் காப்ரோலாக்டம் ஆவியாகி அங்கேதான் வந்து படியும். புதிய நைலானில் படியும் அளவே இதிலும் இருந்தது. இழுவிசைச் சோதனையிலும் வேறுபாடு எங்கள் கருவியின் பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது. பிடிப்பானை ஆயிரம் தடவை மடக்கி நிமிர்த்தும் சோதனையில் ஒன்றும் முறியவில்லை.

ஒரே கவலை, வழங்கல் தொடருமா என்பதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டாவில், தரைவிரிப்பு நைலானைக் காப்ரோலாக்டமாக்கும் பெரிய ஆலை ஒன்று 1999இல் திறக்கப்பட்டு 2001இலேயே மூடப்பட்டது; பிறகு வேறு கைக்கு மாறி 2007இல்தான் மறுபடி ஓடியது. வேதியியல் சரியாகவே இருந்தது. புதிய காப்ரோலாக்டம் மலிந்துபோனதுதான் அதைச் சாய்த்தது. இப்படிப்பட்ட மூலப்பொருளை மட்டும் நம்பி ஒரு பொருளை வடிவமைப்பவர், கச்சா எண்ணெய் விலை விழும் ஆண்டில் விற்பவர் நிலைத்து நிற்பாரா என்று கேட்டுவிட்டு வடிவமைப்பது நல்லது.

அக்ரிலிக் தகட்டின் கதை வேறு. பெயரளவில் அதுவும் கார்பன் முதுகெலும்புள்ள பாலிமர், தையல் இல்லாத இனம். ஆனாலும் அதன் முதுகெலும்பில் மாற்றி மாற்றி ஒரு கார்பனில் இரண்டு பெரிய கிளைகள் நெருக்கிக்கொண்டு நிற்பதால், 400 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும்போது ஜிப்பை இழுத்ததுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோனோமர் மோனோமராகக் கழன்றுவிடுகிறது. சுத்தமான அக்ரிலிக்கில் 90 சதவீதத்துக்கு மேல் அதன் மோனோமரான மெத்தில் மெத்தாக்ரிலேட் திரும்பக் கிடைக்கும். ‘புதுமை’ என்று முத்திரை குத்தி விற்றாலும் இது பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். உருகிய ஈயத் தொட்டியில் அக்ரிலிக் துண்டுகளைப் போட்டு ஆவியைப் பிடிக்கும் முறை பல இடங்களில் இருந்தது. ஈயம் கலந்த கசடை என்ன செய்தார்கள் என்று கேட்காத வரை அது மலிவான முறை. எங்களுக்குத் தகடு விற்றவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஈயம் இல்லாத, திருகு உருளைகளால் தள்ளிச் சூடாக்கும் அமைப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

தகட்டை லேசரில் வெட்டும்போது விளிம்பு கண்ணாடி போல வந்தது, அதில் குறையில்லை. ஆனால் பாதுகாப்புத் தாளை உரித்தவுடன் வந்த மோனோமர் நெடி, புதிய தகட்டில் வருவதைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது, இரண்டு நாள் அறையில் நின்றது. மூன்று மில்லிமீட்டர் தகட்டை முகப்பாகப் பார்த்தால் நிறமில்லை. விளிம்பு வழியே பார்த்தால், அதாவது அரை மீட்டர் ஆழத்துக்குள் பார்த்தால், மெல்லிய வைக்கோல் நிறம் தெரிகிறது. பெயர்ப் பலகைக்குப் போதும். விளிம்பில் ஒளி செலுத்தும் விளக்குப் பலகைக்கு வாங்க வேண்டாம்.

காப்புப் பலகையைப் பற்றிச் சுருக்கமாக: இது எனக்கு மிகவும் பிடித்த பொருள், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெட்டைக் கிளைக்காலில் முழுவதும் மோனோமராக்காமல், பாதி வழியில் நிறுத்தினால் கிடைக்கும் பாகு போன்ற பாலியோலை ஐசோசயனேட்டோடு சேர்த்துக் கடினமான நுரையாக்கலாம். பெட்டிலுள்ள பென்சீன் வளையம் நுரைக்கு விறைப்பையும், தீப்பிடிக்கும்போது கரியாகித் தாங்கும் குணத்தையும் தருகிறது. இந்த நுரையைச் சுவருக்குள்ளோ கூரைக்கு அடியிலோ வைத்து மூடிவிடுவார்கள், அதன் நிறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே நிறம் நீக்குவதற்கும் படிகமாக்குவதற்கும் காசைக் கொட்ட வேண்டியதில்லை, பச்சைப் பாட்டில் பச்சையாகவே உள்ளே போகலாம். எங்களுக்கு வந்த பலகை, அறுத்த முகத்தில் பாசிப்பருப்புத் தோல் நிறத்தில் இருந்தது. கண்ணறைகள் சீராக இருந்தன, விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, விளிம்பு பொடியாக உதிரவில்லை. கழிவின் குணத்துக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் பாலிபுரோப்பிலீன். இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் மணிகளில் எந்தக் குறையும் இல்லை. இருக்கவும் முடியாது, அவை சாதாரணப் புதிய பாலிபுரோப்பிலீன் மணிகள்.

இதைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் போக வேண்டும். கழிவுப் பிளாஸ்டிக்கை ஆக்ஸிஜன் இல்லாமல் 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் சங்கிலிகள் கண்ட இடத்தில் அறுந்து, எரிவாயு, எண்ணெய், மெழுகு, கரி என்று கலந்துகட்டி வருகின்றன. இதுதான் பைரோலிசிஸ். கழிவோடு பி.வி.சி. வந்துவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் குழாய்களை அரிக்கும். பெட் வந்துவிட்டால் அதிலிருந்து வரும் அமிலங்கள் குளிர்ந்த இடங்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். இந்த எண்ணெயை ஹைட்ரஜனால் சுத்திகரித்து, நாப்தா என்ற பெட்ரோலியத் திரவத்தோடு சிறு பங்காகக் கலந்து, 800 டிகிரிக்கு மேற்பட்ட உலையில் மறுபடி உடைத்தால், அதில் ஒரு பகுதி எத்திலீனாகவும் புரோப்பிலீனாகவும் வரும். மீதி எரிபொருளாகவும் பிற பொருள்களாகவும் பிரிந்துபோகும். உலைக்குள் போன பிறகு எந்த மூலக்கூறு குப்பையிலிருந்து வந்தது, எது எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கணக்கில் பிரிக்கிறார்கள்: நூறு பங்கில் இத்தனை பங்கு கழிவு உள்ளே போயிற்று, அதற்கு ஈடான வரவை இந்த மூட்டைகளின் பேரில் எழுதிக்கொள்கிறோம். நிறைச் சமநிலை என்று இதற்குப் பெயர், ஐ.எஸ்.சி.சி. பிளஸ் போன்ற சான்றுகள் இதைச் சரிபார்க்கின்றன.

இந்தக் கணக்கைப் பொய் என்று நான் சொல்லவில்லை. காற்றாலை மின்சாரத்துக்குப் பணம் கட்டுபவர் வீட்டுக்கும் பொதுக் கம்பியில்தானே மின்சாரம் வருகிறது. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இங்கே அளக்கும் படி எது என்பதில்தான் சச்சரவு. உலையில் எரிபொருளாகிப் போன பங்கையும் பிளாஸ்டிக் மூட்டையின் பேரில் வரவு வைக்கலாமா கூடாதா என்பதைப் பொறுத்து, ஒரே ஆலை ஒரே நாளில் விற்கும் ‘மறுசுழற்சி’ மணியின் எடை பெரிதும் மாறும். எங்கள் மூட்டையோடு வந்த சான்றிதழில் இந்த விவரம் இல்லை. இரண்டு கடிதங்கள் எழுதிய பிறகே, எரிபொருள் பங்கைக் கழித்துவிட்டே கணக்கிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை முன்பே அச்சிட்டிருந்தால் அவர்களுக்கே பெருமையாக இருந்திருக்கும். மூட்டைக்குள் அவர்களுடைய கழிவு உண்மையில் எத்தனை சதவீதம் இருக்கக்கூடும் என்ற கேள்விக்கு மட்டும் இன்று வரை பதில் இல்லை.

இவ்வளவையும் மீறி இந்த வழியை ஒதுக்கித் தள்ளிவிட முடியாமல் செய்வது ஒரே காரணம்தான். 1950 முதல் 2015 வரை உலகம் செய்து தள்ளிய பிளாஸ்டிக் 830 கோடி டன் என்றும், அதுவரை கழிவானதில் 9 சதவீதமே மறுசுழற்சிக்குப் போயிற்று என்றும் 2017இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. நூல் அல்லாத பிளாஸ்டிக்கில் பாலிஎத்திலீன் 36 சதவீதம், பாலிபுரோப்பிலீன் 21 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறது. அதாவது பாதிக்கு மேல் தையல் இல்லாத துணி. பெட்டையும் நைலானையும் எத்தனை அழகாகப் பிரித்துத் தைத்தாலும் பெரிய குவியல் அப்படியே நிற்கும். ஆய்வகங்களில் இதற்கு வேறு யோசனைகள் நடக்கின்றன: பாலிஎத்திலீனைப் பிளாட்டினம் வினையூக்கியில் 280 டிகிரியில் நீண்ட வாலுள்ள அரோமாட்டிக் சேர்மங்களாக்கலாம் என்று 2020இலும், பாலிஎத்திலீனையும் பாலிபுரோப்பிலீனையும் மெழுகு வரை மட்டும் உடைத்து, அதைக் கொழுப்பமிலமாக்கி, சோப்பு போன்ற நுரைப்பொருள் செய்யலாம் என்று 2023இலும் காட்டியிருக்கிறார்கள். கிழிந்த துணியை மறுபடி நெய்ய முயலாமல் வேறொன்றாகத் தைத்துவிடும் இந்த எண்ணம் எனக்கு உலையில் போடுவதைவிட அறிவுள்ளதாகப் படுகிறது. மூட்டையாக வந்தால் வாங்கிப் பார்ப்பேன்.

எங்கள் பட்டறை எடுத்த முடிவுகள் இவை. நைலான் மணிகளைத் தொடர்கிறோம், கையிருப்பாகப் புதிய நைலானுக்கும் ஒரு விற்பவரை வைத்துக்கொண்டு. காப்புப் பலகையை எங்கள் உலர்த்தி அறைக்கே பொருத்திவிட்டோம். அக்ரிலிக்கைப் பெயர்ப் பலகைக்கு மட்டும் வாங்குகிறோம். பாலிபுரோப்பிலீனை அதே தரமுள்ள சாதாரண மணிகளுக்கு மாற்றிவிட்டோம்; சான்றிதழுக்காகக் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் அவர் பெயரில் தனியாக வாங்கித் தருவோம். பெட் சிப்ஸின் அடுத்த ஆணையில் இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்: டை எத்திலீன் கிளைக்காலின் அளவை விவரத் தாளின் வரம்பாக இல்லாமல் அந்தந்த லாட்டில் அளந்த எண்ணாகத் தர வேண்டும், மூலச் சரக்கில் நிறமுள்ள பாட்டில் எத்தனை பங்கு என்பதையும் எழுத வேண்டும். முதல் வரிக்கு அன்றே சம்மதம் வந்துவிட்டது. இரண்டாவதற்கு, ஆலையைக் கேட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள்.